நூற்றுத் தொண்ணூற்று மூன்று மாலைப் பொழுதுகள்

என் தம்பி எல்டன் லாங்க் வாரத்தில் நான்கு நாள், தான் புறப்பட்ட நேரத்துக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறவன். எங்கள் தீவின் கடிகாரம் மாலை ஐந்து அடிக்கும்போது அவனுடைய பழைய டிரக் பாலத்தில் ஏறும். அக்கரையில் லூபெக் ஊரின் கடிகாரம் அவனை வரவேற்கையில் நான்கைத் தாண்டிப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். இக்கரை கனடா, அக்கரை அமெரிக்கா. நடுவே ஓடும் நீரின் அகலம் ஒரு கூப்பிடு தூரம். நடுவே கிடக்கும் காலத்தின் அகலம் ஒரு மணி நேரம்.

அந்தப் பாலம் ஒன்றே எங்கள் தீவுக்குச் சாலை வழி. கேம்பொபெல்லோ என்ற இந்தத் தீவில் பிறந்தவர்கள் தம் சொந்த நாட்டின் பெருநிலத்துக்குப் போவதென்றாலும், பாலமேறி, அமெரிக்க மண்ணில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியோட்டி, செயின்ட் ஸ்டீபன் ஊரில்தான் மறுபடியும் கனடாவுக்குள் நுழைய வேண்டும். தீவில் பெட்ரோல் கிடையாது. ஆகையால் எங்கள் வண்டிகளின் பெட்ரோல் மூடியும் எங்கள் பாஸ்போர்ட்டும் ஒன்றாகவே திறக்கும்.

எல்டன் போவது பெட்ரோலுக்கு அன்று. ரோவினா ஹன்ட்லியின் வீட்டு இரவுணவுக்கு. ரோவினா கணவரை இழந்தவள். லூபெக் பள்ளியில் முப்பது ஆண்டுகள் சமையற்கூடத்தை நடத்தியவள். அறுபத்தொன்பது வயதிலும் குரலில் பள்ளி மணியின் கணீரென்ற ஓசை குறையாதவள். திங்கட்கிழமை பால் விட்ட மீன் சூப்பு, புதனன்று எது மிஞ்சியதோ அது, வெள்ளியன்று மறுபடி மீன், சனிக்கிழமை அவ்வூர் வழக்கப்படி வெல்லப்பாகு ஊற்றி நாள் முழுதும் அடுப்பில் கிடந்த பீன்ஸ். உண்டு, பாத்திரம் துலக்கி, சீட்டு இரண்டு ஆட்டம் ஆடி, எல்டன் தன் படுக்கைக்குத் திரும்பிவிடுவான். எட்டு ஆண்டுகளாக இதுவே ஒழுங்கு.

அந்த எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவன் தன் கைக்கடிகாரத்தை அக்கரை நேரத்துக்குத் திருப்பியதில்லை.

"மணி ஏழரை ஆச்சு, கெளம்பறேன்" என்பானாம்.

"என் வீட்டுல ஆறரைதான். உன் கடியாரம் மட்டும் எப்பவும் வாசல்லயே செருப்போட நிக்குது" என்பாளாம் ரோவினா.

இதை அவனே என்னிடம் சொல்லிச் சிரிப்பான். அவன் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. அவனைவிட ஐந்து வயது மூத்தவள் நான், பெயர் வெல்மா. தீவின் தபால் நிலையத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள். ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவள். அவன் மனைவி மார்ஜரி மறைந்து பத்தாண்டுகள் ஆகின்றன. அவளுடைய நீலக் கம்பளிக் கோட்டு அவன் சமையலறைக் கதவின் பக்கத்துக் கொக்கியில் அன்று தொங்கியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. மார்ஜரி எனக்குப் பள்ளித் தோழி. சனிக்கிழமைகளில் அந்தக் கோட்டைத் தூசு தட்டி மீண்டும் அதே கொக்கியில் மாட்டியவளும் நானேதான்.

இலையுதிர் காலத்தின் முடிவில் ரோவினாவின் இடுப்பு மூட்டு அவளைக் கைவிட்டது. ஜனவரி ஒன்பதாம் நாள் பாங்கோர் நகரத்து மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் பத்து வாரம் யாராவது உடனிருக்க வேண்டும். இருப்பவர் இல்லையென்றால் பாங்கோரிலேயே ஒரு பராமரிப்பு இல்லத்தில் பத்து வாரம் கிடக்க வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில்தான் அவள் கணவர் காரல் உள்ளே போய், திரும்பி வராமற்போனார். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவள் கைக்கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். பிள்ளைகள் இல்லை. அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் குளிருக்குத் தெற்கே போய்விடுவார்கள்.

"நான் வந்து இருக்கேன்" என்று எல்டன் சொல்லியிருந்தான். அதைச் சொன்ன நாள் முதல் அவன் நடை மாறியிருந்தது.

சமையலறைச் சுவரில் ஓத நாட்காட்டி ஒன்று மாட்டியிருப்பான். ஒவ்வொரு நாளும் கடல் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அச்சிட்டது. மீன்பிடித்த காலத்துப் பழக்கம். அதன் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்து எனக்குக் காட்டினான்.

"இங்க பாரு அக்கா. வருஷத்துக்கு ஆறு மாசம், அதாவது நூத்தி எண்பத்திரண்டு நாள் அந்தப் பக்கம் இருக்கலாம். போன பன்னெண்டு மாசத்துல நான் அங்க இருந்தது நாலே நாலு. பிப்ரவரிப் புயல்ல பாலத்தை மூடிட்டாங்களே, அந்த நாலு ராத்திரி. மீதி நூத்தி எழுபத்தெட்டு அப்படியே கெடக்கு. பத்து வாரம் என்ன, இருபது வாரம் இருப்பேன்."

"வாரத்துக்கு நாலு நாள் போய்க் கொட்டிக்கிறியே, அது?"

"அது போயிட்டு வர்றது. இருக்கறது இல்ல. எங்க படுக்கறோமோ அங்கதான் இருக்கோம். அப்பா காலத்துலேருந்து படகுக்கே அதானே கணக்கு? ராத்திரி எந்தத் துறையில கட்டியிருக்கோ அந்தத் துறைப் படகு."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தீவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். தினந்தோறும் பாலத்தைக் கடக்கிறவர்களுக்குப் பாலம் ஒரு தெருவாகிவிடுகிறது. தெருவைக் கடப்பதை எவர் பயணமென்று எண்ணுவார்?

டிசம்பர் நான்காம் நாள், புதன்கிழமை. எனக்கு மாவும் பெட்ரோலும் வேண்டியிருந்ததால் அவனுடன் நானும் போனேன். அமெரிக்கச் சாவடியில் புதிதாக வந்த அலுவலர் இருந்தார்; முப்பது வயதிருக்கும், கனிந்த முகம். எல்டன் ஒளித்துப் பேச அறியாதவன். பாஸ்போர்ட்டை நீட்டும்போதே சொல்லிவிட்டான்.

"இன்னிக்கு சாப்பாட்டுக்குத்தான் தம்பி. ஆனா ஜனவரி ஒம்பதுலேருந்து பத்து வாரம் இங்கயே இருக்கப் போறேன். முன்னாடியே சொல்லி வைக்கலாம்னு."

அலுவலர் கணினியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, வண்டியை ஓரமா நிறுத்திட்டுக் கொஞ்சம் உள்ள வாங்க. அம்மா, நீங்களும் வாங்க, வெளிய குளிருது."

உள்ளே எங்களை உட்காரவைத்துத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நாள்களும் நேரங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, வலையில் மீன் நெருங்கினாற்போல் நெருங்கியிருந்தன.

"போன பன்னெண்டு மாசத்துல இருநூத்தி அம்பத்தோரு நாள் இந்த நாட்டுக்குள்ள வந்திருக்கீங்க. இதுல அம்பத்தெட்டு நாள் செயின்ட் ஸ்டீபனுக்குப் போற வழிக்காக. தீவுக்காரங்களுக்கு வேற வழி இல்ல, அதை நான் தள்ளிடறேன். மிச்சம் நூத்தித் தொண்ணூத்தி மூணு."

"நான் படுத்தது நாலு ராத்திரிதானே தம்பி!"

"படுக்கையை நாங்க எண்றதில்ல ஐயா. நாளை எண்றோம். காலையில வந்து அரைமணி நேரத்துல திரும்பினாலும் அது ஒரு நாள்தான்."

எல்டன் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு வரியின்மேல் விரலை வைத்தான்.

"மார்ச்சு பதினாறு... அன்னிக்குத்தான் பீன்ஸ் கருகிப்போச்சு. ரெண்டு பேரும் ரொட்டியும் ஜாமும் தின்னோம்." விரல் கீழே இறங்கியது. "இது ஜூன்ல... மூடுபனி. அவ பாலத்து முனைக்கு லாந்தரோட வந்து நின்னா."

"டேய்" என்றேன் நான், மெல்ல. "உன் காதலை ஒரு அரசாங்கமே நாள் தவறாம எழுதி வெச்சிருக்குடா."

அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் சொல்ல வேண்டியதை விடவில்லை.

"சாப்பிட்டுட்டுப் போறதை நான் தடுக்கல. இன்னிக்கும் போங்க. ஆனா விருந்தாளியா வர்றவர் வருஷத்துல பாதிக்கு மேல இங்கயே இருந்தா, உங்க வீடு உண்மையிலேயே எங்க இருக்குன்னு கேக்க வேண்டியது எங்க வேலை. சுவத்துல எழுதி வெச்ச எண்ணு இல்ல இது. பாக்கறவர் எடை போட்டு முடிவு செய்யறது. நூத்தித் தொண்ணூத்தி மூணுக்கு மேல இன்னொரு எழுபது நாள்னு நீங்க ஜனவரியில பெட்டியோட வந்து நின்னா, நான் இருந்தாலும் சரி, வேற யார் இருந்தாலும் சரி, அநேகமாத் திருப்பித்தான் அனுப்புவோம்."

"புத்தாண்டு பொறந்ததும் கணக்கு புதுசா ஆரம்பிக்காதா? ஜனவரி ஒண்ணுன்னா?"

"இல்லீங்க. என்னிக்கு வர்றீங்களோ, அன்னிலேருந்து பின்னால பன்னெண்டு மாசத்தைப் பாப்போம். நடுவுல ரெண்டு நாள் வீட்டுக்குப் போயிட்டு வந்தாலும் பழைய நாள் அழியாது. வருஷம் திரும்பும்போதுதான் ஒவ்வொண்ணா உதிரும்."

எல்டன் தொப்பியை எடுத்துக்கொண்டான். அன்று அவன் ரோவினா வீட்டுக்குப் போகவில்லை. மாவும் வாங்கவில்லை, பெட்ரோலும் போடவில்லை. பாலத்தில் திரும்பும்போது கீழே ஓதம் வற்றிக்கொண்டிருந்தது; பாறைகளும் கடற்பாசியும் ஒவ்வொன்றாகக் கரிய முதுகைக் காட்டின.

மறுநாள் முழுதும் அவன் சமையலறையில் இருவரும் பென்சிலோடு உட்கார்ந்தோம். தபால் நிலையத்து வேலை எனக்கு எண்களோடு பொறுமை கற்றுத் தந்திருந்தது. இன்றோடு போவதை நிறுத்தினால் ஜனவரி ஒன்பதுக்குள் சென்ற ஆண்டின் பத்தொன்பது நாள் உதிரும். நூற்று எழுபத்து நான்கு ஆகும். பிறகு பத்து வாரம் தங்கினால் எழுபது ஏறும், அதற்குள் முப்பத்தேழு உதிரும். மார்ச் மாதத்தில் இருநூற்றேழு. எவ்விதம் கூட்டிக் கழித்தாலும் அவனுக்கு இரண்டு வாரம்தான் தேறிற்று. எட்டு வாரம் தேறவில்லை.

தொலைபேசி மணி அடித்தது. ரோவினாவின் குரல் அறை முழுதும் கேட்டது.

"என்ன லாங்க் தொரை, நேத்து சூப்பை ஆறவெச்சு நாய்க்கா ஊத்தினேன்? எனக்கு நாயும் இல்ல."

எல்டன் நடந்ததைச் சொன்னான். 

"அப்ப நீ வரமுடியாது."

"ரெண்டு வாரம் வரலாம் போல."

"ரெண்டு வாரத்துல கழிப்பறைக்குப் போகக் கத்துக்குவேன். அப்புறம்?" ஒரு பெருமூச்சு. "விடு. பாங்கோர்ல அந்த இல்லத்துல ஒரு எடம் காலியா இருக்காம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்கறாங்க. சரின்னு சொல்லிடறேன்."

"ரோவினா, அவசரப்படாத."

"அவசரப்படறது நானா? எட்டு வருஷமா நான் எதுக்காவது அவசரப்பட்டிருக்கேனா?"

அவள் வைத்துவிட்டாள். எல்டன் ரிசீவரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். அலைகடலில் கழி நட்டு ஹெரிங் மீனுக்குப் பட்டி கட்டிய தோள்கள் அவனுடையவை. அவை அப்படிக் குறுகி நான் அதற்கு முன் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

என் பார்வை ஓத நாட்காட்டிக்குத் திரும்பியது. அவன் போன நாள்களையெல்லாம் திரையில் கண்டபடி நினைவிலிருந்து குறித்துக்கொண்டிருந்தோம்; தாள் முழுதும் சிவப்புப் புள்ளிகள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் எனக்கு ஒன்று தோன்றியது. எட்டு ஆண்டுகளாகத் தோன்றாதது வெட்கக்கேடு.

"எல்டன். அவ எத்தன நாள் இங்க வந்திருக்கா?"

"யாரு?"

"பாலத்துக்கு ரெண்டு முனை இருக்குடா. அந்தப் பக்கத்துக்காரங்களுக்கும் இங்க வந்தா ஆறு மாசம் வரைக்கும் இருக்க விடுவாங்க. ரோவினா அதுல எத்தன நாள் செலவழிச்சிருக்கா?"

அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு? ரெண்டு?"

"ஒண்ணும் இல்ல."

"ஏன்?"

"அவ கேக்கல."

"நீ கூப்பிட்டியா?"

அவன் கண்கள் என்னை விட்டு விலகிக் கதவின் பக்கத்துக் கொக்கிக்குப் போயின. நீலக் கம்பளிக் கோட்டு அங்கே தன் இரு கைகளையும் தொங்கவிட்டு நின்றது. நானும் அதைப் பார்த்தேன். அவனுக்கு நான் எந்த நியாயமும் சொல்லத் தகுதியற்றவள். முந்தைய சனிக்கிழமையும் அதன் காலரைத் தூசு தட்டியவள் நான்.

"அவ இந்த மேசையில உக்காந்தா..." என்று தொடங்கி நிறுத்தினான். "எனக்கு எங்க பாக்கறதுன்னு தெரியாது அக்கா. அதனாலதான் நானே போயிடறது."

"நூத்தித் தொண்ணூத்தி மூணு தடவ."

"ஆமா."

 நான் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். அன்று மன்றாட்டு வேளையில் என் வாயில் சொற்கள் வரவில்லை. பெயர்கள் இரண்டே வந்தன, மார்ஜரி என்றும் ரோவினா என்றும். இறைவன் அவற்றைத் தனக்கு வேண்டிய வரிசையில் அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளி காலையில், காப்பி கொதிக்கும் வேளை, என் கதவு தட்டப்பட்டது. எல்டன் நின்றான். கோட்டைக் குழந்தையை ஏந்துவதுபோல் இரு கைகளிலும் ஏந்தியிருந்தான்.

"உனக்குப் பொருந்தும்னு நெனைக்கிறேன். உன் கோட்டு முழங்கையில கிழிஞ்சிருக்கு. மார்ஜரி பாத்திருந்தா என்னைத்தான் திட்டியிருப்பா."

வாங்கி அணிந்தேன். தோள் சரியாக இருந்தது. கை ஓர் அங்குலம் நீளம்.

"நல்லா இருக்கா?"

"நீதான் உள்ள இருக்கே. அதனால நல்லா இருக்கு" என்றான்.  "வண்டியில ஏறு. இன்னிக்கு ஒரு நாள் செலவு பண்ணப் போறேன். தனியாப் போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

சாவடியில் அதே இளைஞர். எல்டன் கண்ணாடியை இறக்கினான்.

"எவ்வளவு நேரம் ஐயா?"

"ஒரு கேள்வி கேட்டுட்டுத் திரும்பிடுவேன் தம்பி. ஆனா எண்ணிக்கோங்க, இந்த ஒரு நாள் வீண் போகாது."

ரோவினா கதவைத் திறந்தபோது ஒரு கை ஊன்றுகோலிலும் ஒரு கை நிலையிலும் இருந்தது. சமையலறை மேசைமேல் பாங்கோர் இல்லத்தின் தாள்கள் விரித்தபடி கிடந்தன. பேனா திறந்திருந்தது, கையெழுத்து இடப்பட்டிருக்கவில்லை.

"வெல்மா! உன்னைக் கூட்டிட்டு வரணும்னா ஏதோ பெருசா தப்பு பண்ணியிருக்கான். உக்காரு." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கோட்டு நல்லா இருக்கே. புதுசா?"

"பழசு. மார்ஜரியோடது."

 எல்டனின் வீட்டுக்கு ரோவினா வந்ததில்லை. ஆனால் எட்டு ஆண்டுகளில் அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று அவன் சொல்லக் கேட்டிருக்கிறாள். மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அந்தக் கொக்கி காலியா இருக்கா?"

"காலியா இருக்கு" என்றான் எல்டன். தொப்பியை விரல்களுக்கிடையில் சுற்றினான். "ரோவினா, என் வீட்டுல படி கெடையாது. குளியலறை கீழயே இருக்கு. விறகடுப்பு நல்லா எரியும். என்னால அங்க பத்து வாரம் இருக்க முடியாது. ஆனா உன்னால இங்க... அதாவது அங்க... என் வீட்டுல..."

"வாக்கியத்தை முடி மனுசா. எனக்கு இடுப்பு வலிக்குது."

"நீ வந்து இருக்கியா?"

சாளரத்துக்கு வெளியே கடற்காகம் ஒன்று கூரையில் இறங்கிக் கத்திவிட்டுப் போயிற்று. ரோவினா ஊன்றுகோலை ஊன்றி அலமாரிப் பக்கம் நடந்தாள். நாங்கள் எழுந்தோம், "உக்காருங்க" என்றாள். இழுப்பறையில் வேதாகமத்தின் அடியிலிருந்து நீல அட்டைப் புத்தகம் ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டாள். பாஸ்போர்ட்டு. எல்டன் புரட்டிப் பார்த்தான். ஒரு பக்கத்திலும் ஒரு முத்திரை இல்லை. புத்தகத்தின் முதுகு இன்னும் மடங்காமல் விறைப்பாக இருந்தது.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது" என்றாள். "படத்துல முடியெல்லாம் கறுப்பா இருக்கு பாரு. நான் எங்க ஸ்பெயினுக்கா போகப் போறேன்? எதுக்கு வாங்கினேன்னு நெனைக்கிறே?"

"சொல்லியிருக்கலாமே!"

"கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதில்ல. பீன்ஸை வேணும்னா எட்டு வருஷம் ஆக்கிப் போடுவேன். அது வேற."

நான் தாள்களைத் திரட்டினேன். "பேனாவை மூடட்டுமா?"

"மூடு. காஞ்சிடப் போகுது."

அதன்பின் மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்து கணக்கிட்டோம். முந்தின நாள் சாவைக் கணக்கிடுவதுபோல் இருந்தது, அன்று விதைப்பைக் கணக்கிடுவதுபோல் இருந்தது. அறுவைக்கு எல்டன் பாங்கோரில் மூன்று நாள் இருப்பான். அதன்பின் வாரம் இரண்டு நாள் அவளை லூபெக் மருத்துவ நிலையத்துக்கு உடற்பயிற்சிக்கு அழைத்துவர வேண்டும். பத்து வாரத்தில் இருபது. மாலை உணவு தீவில். மார்ச் மாதத்தில் எல்டனின் எண், இன்றைய நாளையும் சேர்த்து, நூற்று அறுபத்தொன்றில் நிற்கும். ரோவினாவுக்குத் தீவில் எழுபது நாள். அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஆறு மாதத்தில் பாதிகூட ஆகாது.

"மிச்சத்தை என்ன பண்றது?" என்றாள் ரோவினா.

"கோடையில படகை எறக்கலாம்" என்றான் எல்டன், நாட்காட்டியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு.

"எண்ணித்தான் செலவழிக்கணும். உன்னைமாதிரி கண்ணை மூடிக்கிட்டு எறைக்கக் கூடாது."

"நான் ஒண்ணும் எறைக்கல. ஒவ்வொண்ணும் எனக்கு ஞாபகம் இருக்கு."

ரோவினா எழுந்து போய்ச் சூப்பைச் சூடாக்கினாள்.

ஜனவரி பதினொன்றாம் நாள் பனி நின்று வானம் கழுவினாற்போல் இருந்தது. அறுவை நன்றாக முடிந்திருந்தது. நான் பின்னிருக்கையில் வாக்கரை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னிருக்கையில் இரண்டு தலையணைகளின்மேல் ரோவினா, பீன்ஸ் பானையை மடியில் வைத்துக்கொண்டு. அது இல்லாமல் வண்டியில் ஏற மறுத்துவிட்டாள். பாலத்தின் நடுவில் எல்டன் வேகத்தைக் குறைத்தான். கீழே ஓதம் பெருகி, பாறைகளையெல்லாம் மூடி, இரு கரையையும் ஒரே நீராகத் தொட்டுக்கொண்டிருந்தது.

கனடாச் சாவடியில் இருந்த பெண் அலுவலர் தீவுக்காரி, எல்டனை அறிந்தவள். ஆனால் முறைப்படியே கேட்டாள்.

"எத்தன நாள் தங்கப் போறீங்க அம்மா?"

"பத்து வாரம். வாரத்துல ரெண்டு நாள் வைத்தியத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டு வருவேன். அதையும் எழுதிக்கோங்க, அப்புறம் எங்கிட்டயும் யாராவது திரையைத் திருப்பிக் காட்டுவாங்க."

"என்ன காரணமா வர்றீங்க?"

ரோவினா மடியிலிருந்த பானையைச் சற்றே உயர்த்திக் காட்டினாள். "இரவுச் சாப்பாடு."

அந்தப் பெண் எல்டனைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டின் விறைத்த முதல் பக்கத்தைப் பார்த்தாள். "முத்திரை வேணுமா? எல்லாருக்கும் குத்தறதில்ல. கேட்டாக் குத்துவேன்."

"குத்துங்க. நல்லா அழுத்தி."

சமையலறையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ரோவினா வாசற்படியைத் தாண்டி நின்று எல்லாவற்றையும் ஒருமுறை கண்ணால் வலம்வந்தாள்: மேசை, சாளரம், சிவப்புப் புள்ளி நிறைந்த நாட்காட்டி. கடைசியாகக் கொக்கி. எல்டன் அவள் தோளிலிருந்து கோட்டைக் கழற்றினான்.  அதை அவள் வாங்கித் தானே மாட்டினாள். மாட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மார்ஜரியின் கோட்டில் நின்றிருந்தேன். தலையசைத்தேன்.

சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. ரோவினா தன் மணிக்கட்டைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்னோடதுல பதினொண்ணுதான். ஒரு மணி நேரத்தை எங்க வெச்சிருக்கே?"

"இங்க அப்படித்தான்" என்றான் எல்டன். "அப்படியே விட்டுடு. நான் எட்டு வருஷம் மாத்தாமத்தான் ஓட்டினேன்."

"நீ வாசல்ல நின்னே."

வாக்கரின் பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, கைக்கடிகாரத்தின் சிறு திருகை நகத்தால் வெளியே இழுத்தாள். முள் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பன்னிரண்டில் வந்து நின்றது. திருகை உள்ளே அழுத்தினாள்.

"பானையை அடுப்புல வை" என்றாள். "நேரமாச்சு."